சார்ஜ்: ஒரு வண்டிச் சுமையின் கதை



ஒரே நாளில் ‘சார்ஜ்’ என்ற சொல் உங்கள் காதில் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? காலையில் அப்பா, “போனில் சார்ஜ் இல்லை, யாரும் போட்டு வைக்கவில்லையா?” என்று கேட்கிறார். பஸ்ஸில் யாரோ, “சார்ஜ் ஏற்றிவிட்டார்களா?” என்று நடத்துநரிடம் கேட்கிறார். பள்ளியில் தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பதால் கணித ஆசிரியர் ‘இன்சார்ஜ்’. மாலைச் செய்தித்தாளில் ஓர் ஊரில் லத்தி சார்ஜ். வேறொரு வழக்கில் போலீசார் சார்ஜ் ஷீட் தாக்கல் செய்துவிட்டனர். ஆஸ்பத்திரியில் இருந்த பாட்டி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டார்.

மின்சாரம், கட்டணம், பொறுப்பு, தடியடி, குற்றச்சாட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து விடுதலை. இந்த ஆறுக்கும் என்ன உறவு? ஓசையில் மட்டும் ஒன்றுபட்ட ஆறு வேறு சொற்களா இவை? இல்லை. இவை அனைத்தும் ஒரே சொல்தான். அந்தச் சொல் பிறந்தது மின்சாரத்தில் அல்ல. ஒரு மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோதான்.

இயற்பியல் சொல்லிக் கொடுப்பவனுக்கு அகராதியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என்னை அகராதியைப் புரட்ட வைத்தவர் ஒரு மாணவர்.

வகுப்பில் எழுந்த கேள்வி

முதலாண்டு வகுப்பில் நிலைமின்னியல் தொடங்கிய நாள். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர் தயங்கித் தயங்கி எழுந்தார். “சார், போனுக்கு ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றுகிறோமே, காலையில் அதன் எடை கூடியிருக்குமா?”

வகுப்பு முழுவதும் சிரித்தது. கேட்டவர் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டதில் என்ன தவறு? ‘ஏற்றுகிறோம்’ என்கிறோம். எதையாவது ஏற்றினால் எடை கூடத்தானே வேண்டும்? மூட்டை ஏற்றிய வண்டி கனக்கவில்லையா? சிரித்தவர்களில் சிலரை எழுப்பி, “சரி, நீங்கள் சொல்லுங்கள். ஏறுவது என்ன?” என்று கேட்டேன். “மின்னூட்டம்” என்றார் ஒருவர். “எலக்ட்ரான்கள்” என்றார் மற்றொருவர். “அப்படியானால் எலக்ட்ரானுக்கு நிறை இல்லையா?” என்றதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்று மாலை வேதியியல் துறையிலிருந்த மின்னணுத் தராசில் ஒரு போனை வைத்துப் பார்த்தோம். ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசு அது. மறுநாள் முழுச் சார்ஜ் ஏற்றியபின் மீண்டும் வைத்தோம். கடைசி இலக்கம் ஒன்றிரண்டு ஆடியது, அவ்வளவுதான். விரல் படிந்த ஈரமும் தூசியுமே அதற்குப் போதும்.

“பார்த்தாயா, எடை கூடவில்லை” என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் தராசு காட்டவில்லை என்பதற்காக, ஒன்றும் ஏறவில்லை என்று முடிவு கட்டிவிட முடியுமா? தராசால் காட்ட முடியாத அளவுக்கு ஏறிய பொருள் இலேசாக இருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் இரண்டு வழியாகப் போக வேண்டும். ஒன்று சொல்லின் வழி. மற்றொன்று கணக்கின் வழி. முதலில் சொல்லின் வழியே போவோம்.

கால்லியர்களின் வண்டி

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய பிரான்சு நாட்டுப் பகுதியில் கால்லியர் என்ற மக்கள் வாழ்ந்தனர். சக்கரமும் வண்டியும் செய்வதில் கைதேர்ந்தவர்கள். தங்கள் வண்டியை அவர்கள் ‘கார்ரோஸ்’ என்று அழைத்தனர். அவர்களோடு போர் புரிந்தும் வணிகம் செய்தும் பழகிய ரோமானியர்கள், வண்டியோடு அதன் பெயரையும் எடுத்துக்கொண்டனர். லத்தீனில் அது ‘கார்ருஸ்’ ஆயிற்று. பிற்கால லத்தீனில் அதிலிருந்து ‘கார்ரிகாரே’ என்ற வினைச்சொல் பிறந்தது. வண்டியில் சுமை ஏற்றுதல் என்பது அதன் பொருள்.

லத்தீன் மெல்ல மெல்ல பிரெஞ்சாக மாறியபோது, பல சொற்களின் முதலில் இருந்த ‘க’ ஒலி ‘ச’ ஒலியாகத் திரிந்தது. இது நமக்குப் புதிதல்ல. கன்னடத்தில் ‘கிவி’ என்பது தமிழில் ‘செவி’ அல்லவா? அதுபோன்ற திரிபுதான். இவ்வாறு ‘கார்ரிகாரே’ பழைய பிரெஞ்சில் ‘சார்ஜியே’ ஆனது. 1066-ஆம் ஆண்டு பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த படை இங்கிலாந்தை வென்றது. அதன்பின் சில நூற்றாண்டுகள் அங்கே ஆள்வோரின் மொழியாகப் பிரெஞ்சு விளங்கியது. ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் குடியேறின. 13-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த ‘சார்ஜ்’ அவற்றுள் ஒன்று. அப்போது அதன் பொருள் சுமை, சுமை ஏற்றுதல். அவ்வளவுதான்.

அதே வண்டியிலிருந்து இறங்கிய உறவினர்கள் இன்னும் பலர் உண்டு. நாம் ஏறிப்போகும் ‘கார்’ அந்தக் கார்ருஸ்தான். அம்மா சோறு கட்டிக் கொடுக்கும் டிபன் ‘கேரிய’ரும், சைக்கிளின் பின்னால் இருக்கும் ‘கேரிய’ரும் வண்டியில் கொண்டுபோதல் என்ற பொருளுடைய சொல்லின் வழி வந்தவை. கப்பலில் ஏற்றும் ‘கார்கோ’, சுமை ஏற்று என்ற ஸ்பானியச் சொல்லின் பிள்ளை. இன்னொன்று வேடிக்கையானது. ஒருவரின் மூக்கை நீளமாக்கி, காதைப் பெரிதாக்கி வரையும் கேலிச்சித்திரத்தை ‘காரிகேச்சர்’ என்பார்கள். அது இத்தாலிய மொழியில் சுமை ஏற்று என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. இருப்பதைவிட அதிகமாக ஏற்றிக் காட்டுவது! “அவன் கொஞ்சம் ஏற்றிச் சொல்கிறான்” என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

ஓர் எச்சரிக்கை. ஓசை ஒத்திருந்தால் உறவு என்று எண்ணிவிடக் கூடாது. வண்டி என்றே பொருள்படும் ‘கார்ட்’ என்ற ஆங்கிலச் சொல், பார்த்தால் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை போலத் தோன்றும். ஆனால் அது வடநாட்டு நார்ஸ் மொழித் தொடர்புடையது என்று சொல்லாராய்ச்சி அறிஞர்கள் பிரித்து வைத்திருக்கின்றனர். சொல்லாராய்ச்சியும் ஓர் அறிவியலே. அதிலும் சான்று வேண்டும்.

சுமை இறங்கிய இடங்கள்

சரி, வண்டிச் சுமை எப்படிக் கட்டணமாயிற்று, குற்றமாயிற்று? இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலத்துக்குப் போகவே வேண்டாம். நம் தமிழைக் கவனித்தாலே போதும்.

வண்டியின் மேல் ஏற்றுவதை மனிதன் மேல் ஏற்றிப் பாருங்கள். ஒருவர் தலையில் ஒரு வேலையைச் சுமத்தினால் அது பொறுப்பு. பொறுத்தல் என்றால் தாங்குதல். ‘பொறுப்பு ஏற்றார்’ என்று நாம் சொல்லும்போது அங்கே ஏற்றமும் இருக்கிறது, சுமையும் இருக்கிறது. இன்சார்ஜ் என்பது இதுதான். ஒருவர் மீது பணச்சுமையை ஏற்றினால் அது கட்டணம். ‘வரிச்சுமை’ என்று செய்தித்தாள்கள் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். பஸ் சார்ஜ் இந்த வகை. ஒருவர் மீது பழியை ஏற்றினால்? ‘குற்றம் சுமத்தினார்’ என்கிறோம். சார்ஜ் ஷீட் என்பது அந்தச் சுமை எழுதப்பட்ட தாள். ஏற்றிய சுமையை இறக்கி விட்டால் அது டிஸ்சார்ஜ். நோயாளியின் பொறுப்பை ஆஸ்பத்திரி இறக்கி வைக்கிறது. அவர் வீட்டுக்கு வருகிறார்.

ஆங்கிலேயரைப் பார்த்து நாம் ‘குற்றம் சுமத்து’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை. நம்மைப் பார்த்து அவர்களும் கற்கவில்லை. முதுகில் மூட்டை சுமந்து பழகிய மனிதன், எந்த மொழி பேசினாலும், மனத்தின் பாரத்தையும் மூட்டையாகவே பார்த்திருக்கிறான்.

லத்தி சார்ஜ்தான் சற்று வளைந்த வழியில் வந்தது. ஆயுதத்தைத் தாக்குவதற்கு ஏற்ற நிலையில் நீட்டிப் பிடிப்பதற்கும் ‘சார்ஜ்’ என்ற சொல் வழங்கியது. ஆயுதத்தை நீட்டியபின் அடுத்த செயல் என்ன? பாய்ச்சல்தான். அந்தப் பாய்ச்சலுக்கும் அதே பெயர் நிலைத்தது. போர்க்குதிரைக்கு ஆங்கிலத்தில் ‘சார்ஜர்’ என்று ஒரு பெயர் உண்டு. விருந்தில் இறைச்சி ஏற்றி வைக்கும் பெரிய தட்டுக்கும் ‘சார்ஜர்’ என்றே பெயர். இன்று அந்தப் பெயர் சுவரில் செருகும் ஒரு சிறு பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

துப்பாக்கியிலிருந்து கண்ணாடிப் புட்டிக்கு

இனி நம் பாடத்துக்கு வருவோம். மின்சாரத்துக்கு இந்தச் சொல் எப்படி வந்தது?

பழங்காலத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும் குழலுக்குள் வெடிமருந்தை அளந்து போட்டுக் கிட்டிக்க வேண்டும். ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தின் அளவு ஒரு ‘சார்ஜ்’. மருந்து கிட்டித்த துப்பாக்கி பார்ப்பதற்கு வெறும் இரும்புக் குழாய்தான். ஆனால் உள்ளே ஆற்றல் காத்திருக்கிறது. விசையை இழுத்தால் ஒரே நொடியில் வெளிப்படும். அதுவே டிஸ்சார்ஜ்.

1745, 1746-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் ஒரு புதுக் கருவி பிறந்தது. பொமரேனியாவில் ஃபான் கிளைஸ்ட் என்பவரும், ஹாலந்தின் லைடன் நகரில் மூஷன்புரூக் என்ற பேராசிரியரும் தனித்தனியே அதைக் கண்டனர். தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடிப் புட்டி. அதற்குள் செல்லும் ஓர் உலோகக் கம்பி. பிற்பாடு புட்டியின் உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டினார்கள். இதுவே லைடன் ஜாடி. தேய்த்து மின்சாரம் உண்டாக்கும் எந்திரத்தைக் கம்பியோடு சேர்த்துச் சிறிது நேரம் சுழற்றிய பிறகு, ஒரு கையால் புட்டியைப் பிடித்து மறு கையால் கம்பியைத் தொட்டால் உடம்பே தூக்கிவாரிப் போடும்.

இதைக் கண்ட அக்கால மக்களுக்கு என்ன நினைவு வந்திருக்கும்? துப்பாக்கிதான்! வெளியே சாதுவான புட்டி. உள்ளே காத்திருக்கும் வெடி. ஆகவே, புட்டியில் மின்சாரம் ஏற்றுவதைச் ‘சார்ஜ்’ என்றும், அது வெளிப்படுவதை ‘டிஸ்சார்ஜ்’ என்றும் சொல்லத் தொடங்கினர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அச்சுத் தொழில் செய்துவந்த பெஞ்சமின் பிராங்கிளின், பதினொரு கண்ணாடிப் பலகைகளின் இருபுறமும் ஈயத் தகடுகள் வைத்து, அவற்றை வரிசையாக இணைத்தார். அந்த வரிசைக்கு அவர் ‘பாட்டரி’ என்று பெயரிட்டார். அதுவும் படைக்கலச் சொல்லே. வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு அன்று பாட்டரி என்று பெயர். இன்று டார்ச் விளக்கிலும் போனிலும் இருக்கும் சாதுவான பாட்டரி, பெயரளவில் ஒரு பீரங்கிப் படை!

பிராங்கிளினின் தயக்கம்

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம்.

பிராங்கிளின் கண்ணாடிப் புட்டியை வைத்துக்கொண்டு பல சோதனைகள் செய்தார். புட்டியின் உட்புறத்துக்கு எவ்வளவு மின்சாரம் போகிறதோ, அதே அளவு மின்சாரம் வெளிப்புறத் தகட்டிலிருந்து வெளியேறுகிறது என்று கண்டார். வெளிப்புறத்திலிருந்து வெளியேற வழி இல்லாவிட்டால் உட்புறத்தில் ஏறுவதும் இல்லை! உள்ளே மிகுதி, வெளியே அதே அளவு குறைவு. இதைத்தான் அவர் 1747-இல் ‘பிளஸ்’, ‘மைனஸ்’ என்று குறித்தார். நாம் இன்றும் எழுதும் நேர்க்குறியும் எதிர்க்குறியும் அவர் இட்டவையே.

அப்படியானால் புட்டியில் ஏறியது எவ்வளவு? கூட்டிப் பாருங்கள். மிகுதியும் குறைவும் சமம், மொத்தம் பூச்சியம். லண்டனில் இருந்த தம் நண்பர் காலின்சனுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் பிராங்கிளின் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். ‘சார்ஜ்’, ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொற்களைத் தாம் வழக்கத்தை ஒட்டியே கையாள்வதாகவும், வேறு பொருத்தமான சொற்கள் கிடைக்காததே காரணம் என்றும் சொல்கிறார். சார்ஜ் செய்ததாகச் சொல்லப்படும் புட்டியில், முன்பு இருந்ததைவிடக் கூடுதலாக மின்சாரம் ஏதும் இல்லை என்பதே அவர் கருத்து.

எண்ணிப் பாருங்கள். சொல் பரவத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, அதைக் கையாண்டவர்களில் தலையாய ஒருவர், “இச்சொல்லை நம்பிவிடாதீர்கள்” என்று எச்சரித்துவிட்டார். எச்சரிக்கை மறந்து போயிற்று. சொல் மட்டும் நிலைத்துவிட்டது. 270 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, நம் ஊர் வகுப்பறையில் ஒரு மாணவர் அதே சொல்லில் கால் தடுக்கி நின்றார்.

கணக்கின் வழி

இனி இரண்டாவது வழி. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு போன் பாட்டரியின் மேல் 4,000 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். அதாவது 4 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தரக்கூடியது. ஒரு மணி நேரம் 3,600 நொடி. எனவே பாட்டரி வழியே ஓடும் மின்னூட்டம் 4 × 3,600 = 14,400 கூலூம். ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் ஏறத்தாழ 1.6 × 10⁻¹⁹ கூலூம். வகுத்தால் சுமார் 9 × 10²² எலக்ட்ரான்கள், அதாவது 90 கோடி கோடி கோடி!

இத்தனை எலக்ட்ரான்களும் பாட்டரியில் ஏறி உட்கார்ந்துகொண்டால் அவற்றின் நிறை என்ன? ஒரு எலக்ட்ரானின் நிறை 9.1 × 10⁻³¹ கிலோகிராம். பெருக்கினால் ஒரு மில்லிகிராமில் நூற்றில் 8 பங்கு வரும். எங்கள் தராசு ஒரு மில்லிகிராம் வரைதான் காட்டும். ஆகவே தராசு ‘இல்லை’ என்று சொன்னது எதையும் மெய்ப்பிக்கவில்லை. நாம் சந்தேகப்பட்டது சரியே.

வேறு விதமாகச் சோதிப்போம். எலக்ட்ரான்கள் உண்மையாகவே ஏறித் தங்கிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் சார்ஜ் ஏறிய இரண்டு போன்களை ஒரு மீட்டர் இடைவெளியில் மேசை மேல் வைக்கிறோம். 1785-இல் கூலூம் தந்த விதிப்படி அவை ஒன்றையொன்று விலக்கும் விசை என்ன? 9 × 10⁹ என்ற மாறிலியை 14,400-இன் இருமடியால் பெருக்குங்கள். ஏறத்தாழ 1.9 × 10¹⁸ நியூட்டன் வருகிறது. எடையாகச் சொன்னால் 1.9 கோடி கோடி டன்! ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தாலும் விசை 19 கோடி டன் எடைக்குச் சமம். வகுப்பில் உங்கள் பையிலும் பக்கத்து நண்பரின் பையிலும் சார்ஜ் ஏற்றிய போன்கள் இருந்தால் என்ன ஆகும்? வகுப்பு மட்டுமல்ல, ஊரே இருக்காது.

ஆனால் நாம் பத்திரமாக இருக்கிறோம். எனவே போனில் எலக்ட்ரான்கள் கூடுதலாக ஏறவில்லை. தராசு தர முடியாத விடையை கூலூமின் விதி தந்துவிட்டது.

அப்படியானால் என்னதான் நடக்கிறது? பாட்டரிக்கு இரண்டு முனைகள் உண்டு. சார்ஜர் ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான்களை வெளியே எடுத்து, மறு முனைக்குத் தள்ளுகிறது. ஒன்று உள்ளே போனால் ஒன்று வெளியே வந்தாக வேண்டும். அதே வேளையில் பாட்டரிக்கு உள்ளே, லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயிலிருந்து மற்றொரு மின்வாய்க்கு நகர்ந்து, அங்கே கிராபைட்டின் அடுக்குகளுக்கிடையே புகுந்துகொள்கின்றன. மொத்த மின்னூட்டம் சார்ஜ் செய்யும் முன்பும் பூச்சியம், பின்பும் பூச்சியம். மாடித் தொட்டிக்குத் தண்ணீரை மேலேற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள தண்ணீர் கூடவில்லை; கீழே இருந்தது மேலே போயிருக்கிறது. குழாயைத் திறந்தால் மீண்டும் கீழே பாயும். அப்படிப் பாயும் ஆற்றல்தான் நாம் சேர்த்து வைத்தது.

ஆம், ஏறியது ஆற்றல். ஒரு போன் பாட்டரியில் சுமார் 15 வாட் மணி, அதாவது 54,000 ஜூல் ஆற்றல் சேர்கிறது. 50 கிலோகிராம் உள்ள ஒருவரை 110 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும்.

அந்த மாணவரின் கேள்விக்கு இன்னும் ஒரு விடை பாக்கி இருக்கிறது. ஐன்ஸ்டைன் 1905-இல் காட்டியபடி ஆற்றலுக்கும் நிறை உண்டு. 54,000 ஜூலை ஒளியின் வேகத்தின் இருமடியால் வகுத்தால் 6 × 10⁻¹³ கிலோகிராம் கிடைக்கும். ஒரு கிராமை ஆயிரம் கோடி பங்காக்கினால் அதில் 6 பங்கு! ஆக, காலையில் போனின் எடை கூடியிருக்குமா என்றால், கூடியிருக்கும். எந்தக் கடைத் தராசும் காட்டாத அளவுக்குக் கூடியிருக்கும். ஏறிய எலக்ட்ரான்களால் அல்ல, ஏறிய ஆற்றலால். சிரிக்கத்தக்க கேள்வியா அது? ஒரு கேள்வி நம்மைப் பிராங்கிளினிடமும் கூலூமிடமும் ஐன்ஸ்டைனிடமும் அழைத்துப் போயிருக்கிறது!

தமிழில் மூன்று பெயர்கள்

நம் மொழியில் இச்சொல்லைப் பெயர்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது சுவையானது. தமிழ்நாட்டு இயற்பியல் நூல்களில் மின்னூட்டம் என்று படிக்கிறோம். ஊட்டுதல், குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல. வேதியியல் நூல்களில் அயனியின் மின்சுமை என்று வரும். இலங்கைத் தமிழ் நூல்களில் மின்னேற்றம் என்பது வழக்கு. சுமை, ஏற்றம், ஊட்டம்! முதல் இரண்டும் அந்தப் பழைய வண்டியையே நினைவூட்டுகின்றன. மூன்றாவதும், வெளியிலிருந்து ஒன்று உள்ளே போகிறது என்ற அதே எண்ணத்தைத்தான் தருகிறது. சொல் மாறினாலும் படம் மாறவில்லை.

ஆனால் அறிவியலின் பொருள் படத்தைத் தாண்டிப் போய்விட்டது. பிராங்கிளின் காலத்தில் மின்சாரம் ஒரு பாய்பொருள் என்று நினைத்தார்கள். பாத்திரத்தில் ஊற்றுவது போல ஏற்றலாம் என்று கருதினார்கள். 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பின் நிலைமை மாறியது. எலக்ட்ரானின் மேல் யாரும் மின்னூட்டத்தை ஏற்றவில்லை. அதை இறக்கி வைக்கவும் முடியாது. நிறையைப் போல அது துகளின் பண்பு. 2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் முதல் அதன் அளவு 1.602176634 × 10⁻¹⁹ கூலூம் என்று துல்லியமாக வரையறுக்கப்பட்டு, ஆம்பியர் என்ற அலகே அதை அடிப்படையாகக் கொண்டு நிற்கிறது. பொருள்கள் உரசும்போதும், பாட்டரி இயங்கும்போதும் மின்னூட்டம் இடம் மாறுகிறதே தவிர, மொத்தம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இதுவே மின்னூட்ட அழிவின்மை விதி. “சார்ஜ் தீர்ந்துவிட்டது” என்று நாம் சொல்லும்போது தீர்ந்தது சார்ஜ் அல்ல என்பது இப்போது விளங்குகிறதா?

பிராங்கிளின் இட்ட குறிகளிலும் ஒரு சங்கடம் உண்டு. பட்டில் தேய்த்த கண்ணாடியில் மிகுதி என்று அவர் கொண்டார். உலோகக் கம்பியில் உண்மையில் ஓடுவது எலக்ட்ரான் என்று பின்னால் தெரிந்தபோது, அது அவர் கணக்கில் மைனஸ் பக்கம் விழுந்தது. அதனால்தான் பாடப்புத்தகத்தில் மின்னோட்டத்தின் அம்புக்குறி ஒரு திசையிலும், எலக்ட்ரானின் ஓட்டம் எதிர்த்திசையிலும் இருக்கின்றன. இரண்டில் ஒன்றை அவர் தேர்ந்தாக வேண்டும். தெரிந்துகொள்ளும் வழி அன்று இல்லை. அது பிழையல்ல.

இரு உறவினர்

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். லத்தீனில் ‘குர்ரேரே’ என்றால் ஓடு என்று பொருள். அதிலிருந்துதான் மின்னோட்டத்தைக் குறிக்கும் ‘கரண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வந்தது. கால்லியர்களின் வண்டிச் சொல்லும் லத்தீனின் ஓட்டச் சொல்லும், ஓடுதல் என்ற பொருளுடைய ஒரே தொன்மையான வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழிநூலார் கருதுகின்றனர். ஓடுவது கரண்ட்; ஓடும் வண்டியில் ஏறுவது சார்ஜ். மின்னூட்டம் ஓடினால் மின்னோட்டம் என்று நாம் இன்று வரையறை எழுதுகிறோம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரண்டு உறவினர்கள், இயற்பியல் புத்தகத்தின் ஒரே வரியில் மீண்டும் சந்தித்திருக்கிறார்கள்!

நீங்களே செய்து பாருங்கள்

உலர்ந்த தலைமுடியில் பிளாஸ்டிக் சீப்பை நன்றாகத் தேய்த்து, சிறு காகிதத் துணுக்குகளுக்கு அருகே கொண்டுபோங்கள். அவை துள்ளி ஒட்டிக்கொள்ளும். சீப்பில் சேர்ந்த மின்னூட்டம் ஒரு கூலூமின் கோடியில் ஒரு பங்கு அளவோ, அதற்கும் குறைவோதான். அதுவே காகிதத்தைத் தூக்குகிறது. 14,400 கூலூம் என்ன செய்யும் என்று இப்போது எண்ணிப் பாருங்கள். அடுத்து, உங்கள் வீட்டுப் போனின் பாட்டரி அளவைப் பார்த்து, அதன் வழியே எத்தனை எலக்ட்ரான்கள் ஓடும் என்று கணக்கிடுங்கள். பாட்டரியைப் பிரிக்கவோ, மின்செருகியில் எதையும் நுழைக்கவோ வேண்டாம்; இதற்குத் தாளும் பென்சிலும் போதும்.

இன்னொன்றும் செய்யலாம். வேலை, ஆற்றல், விசை, திறன், புலம், செல் என்று பாடத்தில் வரும் சொற்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் தெருவிலும் அதற்கு என்ன பொருள், பாடத்தில் என்ன பொருள் என்று இரண்டு பத்திகளாக எழுதுங்கள். தலையில் மூட்டையோடு அசையாமல் நிற்கும் சுமைதூக்குபவர் வேலை செய்யவில்லை என்று இயற்பியல் சொல்லும். அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்! தேர்வில் நாம் செய்யும் தவறுகளில் பல, இந்த இரண்டு பத்திகளும் கலந்துவிடுவதால் வருபவை.

அந்த மாணவருக்கு மறுவாரம் இந்தக் கணக்கு முழுவதையும் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அவர் அமைதியாகப் பார்த்துவிட்டு மீண்டும் கையைத் தூக்கினார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“சார், புட்டியில் மொத்தம் பூச்சியம் என்றால், ஷாக் அடித்தது எது?”

விடையை நீங்கள் சொல்லுங்கள். மாடித் தொட்டியை மறந்துவிடாதீர்கள்.